எருக்குழி நம்ம கையில் இருக்கட்டும்



நம்மில் நிறைய பேர் குழுக் கடனில் மாடு வாங்கியவர்கள். சொசைட்டியில் ஃபேட், எஸ்.என்.எஃப். பார்த்துத்தான் பாலுக்குக் காசு. கடைத் தீவன மூட்டைக்கே அதில் பாதி போனால் தவணையை எதை வைத்துக் கட்டுவது? அதனால்தான் பசுந்தீவனத்தைப் பற்றிப் பேச வந்தேன்.

கோ 4, கோ 5 கம்பு நேப்பியர் புல் பலபேர் வச்சிருக்கோம். நட்டு 75, 80 நாளில் முதல் அறுப்பு. பிறகு 45 நாளைக்கு ஒருதரம். வருஷத்துக்கு ஏழு தடவை நிலத்துச் சத்தைத் தூக்கிட்டு வர்றோம். திருப்பிக் கொடுக்கிறது என்ன? ரெண்டு கை யூரியா! சாணியை லோடு கணக்கில் டிராக்டர்காரருக்கு வித்துடறோம். அள்ளறது நாம, விலை பேசறது வீட்டு ஆம்பளைங்க. அந்தக் காசு எங்கே போகுதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

கணக்குப் பாருங்க. ஏக்கருக்கு 10 டன் தொழுவுரம்னா 10 சென்ட் புல்லுக்கு 1 டன். ஒரு மாடு நாளைக்கு 10 கிலோ சாணி போட்டாலும், ரெண்டு மாட்டுக்கு வருஷத்துக்கு 7 டன் ஆச்சு. மக்கும்போது பாதிக்கும் கீழே குறையும். அப்பவும் நம்ம புல்லுக்குப் போக மிச்சம் இருக்கும்.

சாணியைவிட மூத்திரத்தில்தான் தழைச்சத்து அதிகம், சாம்பல் சத்தும் அதில்தான். அதைச் சாக்கடைக்கு விடறோம். தொழுவத்தில் மண்ணு, தென்னைமஞ்சி, மாடு தின்னு கழிச்ச தட்டை பரப்பி வையுங்க. நனைஞ்சதைச் சாணியோட குழியில் போடுங்க. மர நிழலில் 3 அடி ஆழக் குழி. நிரம்பினதும் மேலே மண்ணுபூசி மூடினா நாலஞ்சு மாசத்தில் எரு தயார். வெயிலில் குவிச்சா சத்து ஆவியாப் போயிடும். பச்சைச் சாணி போட்டா களையும் வண்டுப் புழுவும்தான் வரும். மக்கின எருவை அறுப்பு முடிஞ்சதும் தூர் ஓரமாப் போட்டு, மண் அணைச்சு, தண்ணி கட்டணும்.

யூரியாவை அள்ளி வீசிட்டுச் சில நாளிலேயே அறுத்துப் போட்டா நைட்ரேட் நஞ்சு மாட்டையே சாய்ச்சிடும், வறட்சி நேரத்தில் கூடுதல் ஆபத்து. எரு மெதுவாகத்தான் சத்து விடும். அதனால் முதல் அறுப்பிலேயே பெரிசா வித்தியாசம் தெரியலைன்னு விட்டுடாதீங்க.

புல் மட்டும் போதாது. வேலிமசால் ரெண்டு பாத்தி போடுங்க. புல்லைப்போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு புரதம். பயறு வகைங்கிறதால காத்திலிருந்தே தழைச்சத்து எடுத்துக்கும். மூணு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு கலந்து போட்டா மாடு மிச்சம் வைக்காது.

எங்க குழுவில் இப்ப சாணி விற்கிறதில்லைன்னு தீர்மானப் புத்தகத்திலேயே எழுதியாச்சு. கரணை வேணும்கிறவங்க காசு தர வேண்டாம். 2 அடிக்கு 2 அடி நட 10 சென்ட்டுக்கு 1,100 கரணை ஆகும். குழி வெட்டிட்டுச் சொல்லி அனுப்புங்க, அடுத்த அறுப்பில் எடுத்து வைக்கிறோம்.