நடுங்கிய கை

(யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற தந்தை செல்வா நினைவுக் கூட்டத்தில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்கள் எங்களுக்கு இரத்த உறவு அல்ல. அவர் 1898 மார்ச் 31ஆம் திகதி மலாயாவின் ஈப்போவில் பிறந்து, சிறு வயதிலேயே தாயாரோடு தெல்லிப்பழைக்கு வந்து வளர்ந்தவர். நாங்கள் கொழுந்து பறிக்கிற சனம். ஆனாலும் நாங்களும் அவரைத் தந்தை என்றுதான் சொல்கிறோம். அந்த உறவு 1948இல் ஏற்பட்டது.

அந்த ஆண்டுதான் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதற்கு முந்திய ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தோம். 1952 தேர்தலில் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. வாக்கையே பறித்துவிட்டார்களே! செல்வநாயகம் அவர்கள் இருந்த தமிழ்க் காங்கிரஸின் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானார். இவர் சேரவில்லை. பிரிந்து வந்து 1949 டிசம்பர் 18ஆம் திகதி தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று மலைநாட்டுத் தமிழனுக்கு வந்தது நாளை மொழி என்ற பேரில் வடக்குக் கிழக்குக்கும் வரும் என்று எச்சரித்தார். 1956இல் வந்தது.

இதெல்லாம் நீங்கள் பல மேடைகளில் கேட்டது. நாங்கள் பேச வந்தது அவருடைய நோயைப் பற்றி. ஒரு தலைவரின் நோயைச் சொல்வது மரியாதைக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள் போலும். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

அவருக்கு இருந்தது பார்க்கின்சன் நோய். நடுக்குவாதம் என்றும் சொல்வார்கள். மூளையில் உடம்பின் அசைவை நடத்துகிற ஒரு சுரப்பு, அதற்கு டோபமின் என்று பெயர், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோகிறது. கை நடுங்கும். எழுத்து சிறுத்துப்போகும். நடை தடைப்படும். குரல் தாழும். முகம் இறுகிவிடும், அதனால் பார்ப்பவர்கள் இந்த மனிதர் கோபமாக இருக்கிறார், நம்மை மதிக்கவில்லை என்று நினைத்துவிடுவார்கள். அவர் உள்ளே சிரித்துக்கொண்டிருப்பார், வெளியே தெரியாது. இதைச் சுகப்படுத்த அன்றும் மருந்து இல்லை, இன்றும் இல்லை. நடுக்கத்தைத் தணிக்கிற லெவோடோபா என்ற மருந்துகூட 1960களின் கடைசியில்தான் புழக்கத்துக்கு வந்தது. இத்தோடு அவருக்குக் காதும் மந்தமாகிக்கொண்டு வந்தது.

குரலும் காதும்தானே அரசியல்வாதியின் மண்வெட்டியும் கூடையும்? அவை இரண்டும் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான், 1972 ஒக்டோபரில், புதிய அரசியலமைப்பை எதிர்த்துக் காங்கேசன்துறை ஆசனத்தை அவர் இராஜினாமாச் செய்தார். மக்கள் யார் பக்கம் என்று இடைத்தேர்தலில் பார்ப்போம் என்று அரசாங்கத்துக்குச் சவால் விட்டார். அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு மேல் தேர்தலை வைக்கவில்லை. நோயாளிக்கு இரண்டு வருடம் என்றால் என்னவென்று வீட்டில் நோயாளியை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். 1975 பெப்ரவரி 6ஆம் திகதி வாக்கெடுப்பு நடந்தபோது அவருக்கு வயது 76. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெரும்பான்மை வாக்குகளால் வென்றார். இந்தக் கை இனி எதைப் பிடிக்கும் என்று காங்கேசன்துறைச் சனம் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு வட்டுக்கோட்டையில் எடுத்த தனிநாட்டுத் தீர்மானத்தில் தொண்டமான் ஐயா சேர்ந்து நிற்கவில்லை. மலைநாட்டின் நிலைமை வேறு. இதை இந்த ஊரில் நின்றே சொல்கிறோம், நீங்கள் தப்பாக எடுக்கமாட்டீர்கள். தகப்பனோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போகிற பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது?

எங்கள் டிவிஷனில் ஒரு அக்கா இருந்தார். கூடைக்காரர்களில் முதல் ஆள். வலது கை நடுங்கத் தொடங்கியது. கிலோ குறைந்தது. முதல் மாதம் அரைப்பேர் போட்டார்கள். பிறகு வேலைக்கு வராதே என்றார்கள். முகம் இறுகியிருந்ததால், திமிர் பிடித்தவள் என்று லயத்திலும் பேச்சு. அது கங்காணி சொன்னதல்ல, நம் ஆட்களே சொன்னது. நரம்பு டொக்டரைப் பார்க்கக் கண்டிக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும், கூடப் போகிற மகளுக்கும் போய்விடும். கடைசியில் யாரும் போகவில்லை.

செல்வநாயகம் அவர்கள் இளம் வயதில் கொழும்பில் ஆசிரியராக இருந்தவர். அப்போது தம்பி கடும் சுகவீனம் என்று செய்தி வந்தது. போய்ப் பார்க்க லீவு கேட்டார், கிடைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டார். பிறகு வேறொரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். அவருக்குப் படிப்பு இருந்தது, இன்னொரு வேலை கிடைத்தது. நமக்கு வேலையை விட்டால் காம்பராவும் போய்விடும்.

1977 மார்ச்சில் வீட்டில் விழுந்து நினைவிழந்தவர், ஏப்ரல் 26ஆம் திகதி காலமானார். நாடற்றவர்களாய் மிஞ்சியிருந்த எங்கள் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டம் 2003இல் வந்தபோது அவர் இல்லை.

தோட்டக் கமிட்டித் தலைவர்களிடமும் தலைவிகளிடமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் லயங்களில் நீண்டகால நோயோடு இருப்பவர்கள் யார், அவர்களில் எத்தனை பேருக்கு அரைப்பேர் போடுகிறார்கள், எத்தனை பேரை நிறுத்தினார்கள், கிளினிக் நாளில் யாருக்குப் பேர் வெட்டினார்கள் என்று எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுதக் கை நடுங்குகிறவர்கள் சொல்லட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதட்டும்.