ஆடுபானின் கழுகு

டிராயிங் ஹாலுக்கு மினி டிராஃப்டர் சுமந்த நமக்கெல்லாம் பிடிக்கிற ஒரு படத்தைப் பற்றிச் சொல்றேன்.

1833-ல் பறவை ஆய்வாளரும் ஓவியருமான ஜான் ஜேம்ஸ் ஆடுபான், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு பொன்னிறக் கழுகை உயிரோடு வாங்கினார். பறக்க விட்டுடலாமான்னுகூட யோசிச்சதா அவரே எழுதியிருக்கார். ஆனா விடலை. இறகு கெடாமல் சாகணும்னு மூடிய அறையில் கரிப்புகை போட்டார், சாகலை. கடைசியில் கூரான எஃகால் நெஞ்சில் குத்தினார்.

பறவையைக் கம்பியால் பலகையில் நிறுத்தி வரைவது அவர் முறை. பலகையில் கட்டம், தாளிலும் அதே கட்டம், ஸ்கேல் 1:1. நம்ம கிராஃப் ஷீட் வித்தைதான்! சுமார் இரண்டு வாரம் உழைத்தார்.

கழுகு ஒரு வெள்ளை முயலைத் தூக்கிப் பறக்குது. ஒரு நகம் முயலின் கண்ணுக்குள்ளே. இறகு இறகா எண்ணலாம். எனக்கு முக்கியம் கீழ் இடது மூலை. பள்ளத்தின் குறுக்கே கிடக்கும் மரத்தில், செத்த பறவையை முதுகில் கட்டிக்கிட்டு ஒரு குட்டி மனிதன் ஊர்ந்து போறான். அது ஆடுபானேதான் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுது.

ராபர்ட் ஹாவெல் செதுக்கிய அச்சுப் படத்தில் அந்த ஆள் இல்லை. அச்சை மட்டும் பார்த்தவர்கள், நியூயார்க் ஹிஸ்டாரிகல் அருங்காட்சியகத்தில் உள்ள மூல ஓவியத்தின் படத்தையும் தேடிப் பாருங்க.