ஆறு பேரின் மூச்சுக்காற்று



டிரை கிளீனிங் கொடுத்த கோட்டையோ பட்டுப்புடவையையோ வாங்கி வந்து பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கும்போது லேசாக ஒரு நெடி மூக்கில் ஏறும். உலகின் பல ஊர்களில், பல பத்தாண்டுகளாக, அந்த நெடிக்குக் காரணம் ஒரு கரைப்பான். பெர்க்குளோரோஎத்திலீன் என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக ‘பெர்க்’ என்பார்கள். எண்ணெய்க் கறையை எடுக்கும், துணியைக் கெடுக்காது, தீப்பற்றாது. அதனால்தான் அதற்கு அத்தனை செல்வாக்கு. ஆனால் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை இதை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம் என்று கருதப்படும் பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறது. நியூயார்க்கில் டிரை கிளீனிங் கடைகளுக்கு மேல்மாடியில் குடியிருந்தவர்களின் வீட்டுக் காற்றிலேயே பெர்க் கூடுதலாக இருப்பதை அந்த மாநிலத்தின் சுகாதாரத் துறை 1990-களில் அளந்து காட்டியது.

அப்படி ஒரு கட்டடத்தை எண்ணிப் பாருங்கள். கடையில் நாள் முழுக்க இஸ்திரி போடும் ஆள். மேல்மாடியில் தவழும் குழந்தை, மாசமாக இருக்கும் அதன் அம்மா, சர்க்கரை நோயுள்ள பாட்டி. நால்வரும் சுவாசிப்பது ஒரே கட்டடத்துக் காற்றைத்தான். ஆனால் உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை பெரியவர்களைவிட அதிகக் காற்றை உள்ளே இழுக்கிறது. பாட்டியின் உடம்பில் கொழுப்பு அதிகம், கல்லீரலின் வேகம் குறைவு. இவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ‘இதற்கு மேல் கூடாது’ என்று ஒரே ஓர் எண்ணை அரசு எழுதியாக வேண்டும். அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதில் யாருடைய உடம்பு கணக்கில் வருகிறது, யாருடையது விட்டுப்போகிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

1954-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த லேமன், ஃபிட்ஸ்ஹ்யூ என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். விலங்குகளுக்குத் தீங்கு தராத அளவைக் கண்டுபிடித்து அதை நூறால் வகுத்தால், மனிதருக்குப் பாதுகாப்பான அளவு கிடைக்கும் என்றார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த நூறை இரண்டு பத்துகளாகப் பிரித்துப் பொருள் கொண்டார்கள். விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு பத்து. மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இன்னொரு பத்து. உணவில் சேர்க்கும் நிறமிகள், கெடாமல் காக்கும் பொருள்கள், பூச்சிக்கொல்லிகள் எனப் பலவற்றுக்கும் ‘நாளொன்றுக்கு இவ்வளவு’ என்ற வரம்பு இந்த நூறைக் கொண்டே குறிக்கப்பட்டது. முன்ஜாக்கிரதையாக வைத்த எண் அது. இத்தனை பேரின் உடம்பை அளந்தோம், அதனால் பத்து என்று யாரும் அன்று சொல்லவில்லை.

இந்த இரண்டாவது பத்து போதுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடம்புக்கு உடம்பு உள்ள வேறுபாடு பெரும்பாலும் பெருக்கல் கணக்கில்தான் போகும். ஒருவர் தாங்குவதில் பாதியை இன்னொருவர் தாங்குவார், இன்னொருவர் இரண்டு மடங்கு தாங்குவார். புள்ளியியலில் இதை மடக்கை இயல்நிலைப் பரவல் என்பார்கள். பெயர் மிரட்டினாலும் விஷயம் அவ்வளவுதான். ஒரு வேதிப்பொருளைத் தாங்கும் திறன், நடுவில் நிற்பவரோடு ஒப்பிடும்போது, மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்குப் பாதி முதல் இரண்டு மடங்குவரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் நிற்பவர் தாங்கும் அளவைப் பத்தால் வகுத்து வரம்பு வைக்கிறோம். பத்து லட்சம் பேர் வாழும் நகரத்தில் அந்த வரம்பு காப்பாற்றாதவர்கள் ஏறத்தாழ 450 பேர். இப்போது பரவலைக் கொஞ்சம் அகலமாக்குங்கள். மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்று மடங்குவரை என்று வையுங்கள். வரம்பு அதேதான், வகுத்த பத்தும் அதேதான். விட்டுப்போகிறவர்கள் இப்போது ஏறத்தாழ 18,000 பேர். பரவலின் அகலம் தெரியாமல் பத்து என்று எழுதுவது, எத்தனை பேரைக் கைவிடுகிறோம் என்பது தெரியாமலே கையெழுத்துப் போடுவதாகும்.

ஆகவே அந்த அகலத்தை அளக்க வேண்டும். பிரிட்டனைச் சேர்ந்த ஆண்ட்ரூ ரென்விக் 1993-ல் அந்தப் பத்தையும் இரண்டாகப் பிரித்தார். உட்போன பொருளை உடம்பு என்ன செய்கிறது என்பது ஒரு பாதி. அந்தப் பொருள் உடம்பை என்ன செய்கிறது என்பது மறு பாதி. உலகச் சுகாதார நிறுவனம் சார்ந்த குழு 1994-ல் இதைச் சற்றே மாற்றி, ஒவ்வொரு பாதிக்கும் மூன்றே சொச்சம் என்று வைத்தது. முதல் பாதி எவ்வளவு விரியும் என்பதற்குக் காப்பியே சாட்சி. காலையில் குடித்த காப்பியின் காஃபீனில் பாதியை நம் உடம்பு ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் கழித்துவிடும். புகைபிடிப்பவருக்கு அது இன்னும் சீக்கிரம் கழியும். நிறைமாத கர்ப்பிணிக்கு அதுவே இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆகும். பிறந்த குழந்தைக்கோ மூன்று நாளுக்கு மேல் ஆகலாம், ஏனென்றால் அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதி பிறக்கும்போது அநேகமாக இருப்பதே இல்லை. மூன்றே சொச்சம் என்ற எண்ணுக்குள் இந்தக் குழந்தை அடங்காது.

கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் தோட்ட வேலை செய்யும் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதுதான். சில பூச்சிக்கொல்லிகளை முறிக்கும் ஒரு நொதி, தாய்மார்களுக்குள்ளேயே 14 மடங்கு வேறுபட்டது. பிறந்த குழந்தைகளுக்குள் 26 மடங்கு வேறுபட்டது. 1996-ல் அமெரிக்கா பூச்சிக்கொல்லிச் சட்டத்தைத் திருத்தி, குழந்தைகளுக்காகக் கூடுதலாக ஒரு பத்தைச் சேர்த்தது எவ்வளவு நியாயம் என்பதற்கு இந்த அளவீடு ஒன்றே போதும்.

இப்போது பெர்க்குக்கு வருவோம். நெதர்லாந்தில் 1970-களின் கடைசியில் ஆரோக்கியமான ஆறு ஆண்களை ஓர் அறையில் வைத்து, நான்கு மணி நேரம் பெர்க் கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். ஒருமுறை பத்து லட்சம் பங்கு காற்றில் 72 பங்கு, அதாவது 72 பிபிஎம், இன்னொரு முறை 144 பிபிஎம். பிறகு ஒரு வாரம்வரை அவர்களுடைய ரத்தத்தையும் வெளிவிடும் மூச்சையும் திரும்பத் திரும்ப அளந்தார்கள். நான்கு மணி நேரம் சுவாசித்ததற்கு ஏன் ஒரு வாரம்? பெர்க், ரத்தத்தைவிடக் கொழுப்பில் நூறு மடங்குக்கும் மேல் கரையும். ஆனால் ஓய்வில் இருக்கும்போது இதயம் இறைக்கும் ரத்தத்தில் சுமார் 5 விழுக்காடுதான் கொழுப்புத் திசுவுக்குப் போகிறது. அதனால் பெர்க் கொழுப்புக்குள் மெல்ல நுழையும், வெளியே வருவதும் மெல்லத்தான். திங்கட்கிழமை சுவாசித்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூச்சிலும் இருக்கும்.

இந்த ஆறு பேரின் அளவீடுகளைப் பின்னாளில் பெர்க்கிலியில் ஆண்ட்ரூ கெல்மன், ஃபிரடெரிக் புவா, ஜிமிங் ஜியாங் என்ற மூவர் எடுத்துக்கொண்டு 1996-ல் ஓர் ஆய்வாக வெளியிட்டார்கள். புள்ளியியல் உலகில் அது இன்றும் பாடமாக நடத்தப்படுகிறது. அவர்கள் உடம்பை நான்கு பகுதிகளாகக் கண்டார்கள்: ரத்தம் நிறையப் பாயும் உறுப்புகள், குறைவாகப் பாயும் தசை, கொழுப்பு, கல்லீரல். ஒவ்வொன்றின் அளவு என்ன, ரத்தம் எவ்வளவு பாய்கிறது, பெர்க் எவ்வளவு கரைகிறது, கல்லீரல் எவ்வளவு சிதைக்கிறது என்று ஒரு மனிதருக்குப் பதினைந்து எண்கள். அவற்றை வைத்துச் சமன்பாடு எழுதினால் அவருடைய மூச்சில் எந்த மணிக்கு எவ்வளவு பெர்க் வரும் என்று சொல்லலாம். நம் வேலை அதன் எதிர்ப்பக்கம். மூச்சில் வந்தது தெரியும். உள்ளே இருக்கும் பதினைந்து எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆறு பேரையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்தால் வேறுபாடு மறைந்துபோகும். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கணக்கிட்டால் தரவு போதாது, கணினி மனிதருக்கு இருக்கவே முடியாத கல்லீரலைக்கூட விடையாகத் தந்துவிடும். இரண்டுக்கும் நடுவே அவர்கள் போன பாதை, ஒரு வயிற்றுப் பிள்ளைகளை நாம் பார்க்கும் விதம்தான். முகம் ஆளுக்கு ஒரு விதமாக இருக்கும், ஆனாலும் குடும்பச் சாயல் தெரியும். மூத்தவனைப் பார்த்தே இளையவனைப் பற்றிக் கொஞ்சம் ஊகிக்கலாம். அதுபோல ஆறு பேருக்கும் தனித்தனி எண்கள், அவர்களுக்கு மேலே மக்கள்தொகைக்கான ஒரு பரவல், அதற்கும் மேலே உடலியல் நூல்கள் ஏற்கெனவே சொல்லும் அறிவு என்று மூன்று அடுக்குகள். கணினி பதினைந்து எண்களையும் லட்சக்கணக்கான முறை மாற்றி மாற்றிப் போட்டு, அளவீட்டோடு பொருந்துவனவற்றைத் திரட்டுகிறது.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது, தெரிந்ததையும் தெரியாததையும் அவர்கள் வேறு வேறாக எழுதிவைத்த நேர்மை. கல்லீரலின் எடை, கொழுப்பு நீங்கலான உடல் எடையில் ஏறத்தாழ 3.3 விழுக்காடு. இது நன்றாகத் தெரிந்த எண், பத்து விழுக்காடு முன்பின் இருக்கலாம். பெர்க்கைச் சிதைக்கும் நொதியின் தன்மையைக் குறிக்கும் எண்ணோ பத்து மடங்கு மேலே இருக்கலாம், பத்து மடங்கு கீழே இருக்கலாம் என்றே தொடங்கினார்கள். அது நம் அறியாமை. அந்த எண் ஆளுக்கு ஆள் இரண்டு மடங்குபோல மாறலாம் என்பது வேறு விஷயம், அது இயற்கை. அறியாமையை ஆராய்ச்சியால் குறைக்கலாம். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை எத்தனை ஆராய்ந்தாலும் குறைக்க முடியாது, அதற்கு இடம் கொடுத்துத்தான் வரம்பு வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி ‘பத்து’ என்று பெயர் ஒட்டியதுதான் பழைய முறையின் குறை என்று நான் கருதுகிறேன்.

அவர்களுக்குக் கிடைத்த விடையைப் பாருங்கள். காற்றில் 50 பிபிஎம் இருக்கும்போது, உட்போகும் பெர்க்கில் உடம்பு சிதைப்பது ஏறத்தாழ 1.5 விழுக்காடு. அதுவே 0.001 பிபிஎம் என்ற மிகச் சிறிய அளவில் ஏறத்தாழ 36 விழுக்காடு, அதுவும் 15 முதல் 58 வரை இருக்கலாம். பெர்க்கின் தீங்கில் பெரும்பங்கு, உடம்பு அதைச் சிதைக்கும்போது உண்டாகும் பொருள்களால் வருவதாகவே கருதப்படுகிறது. அதனால் எலிகளுக்கு ஏராளமாகக் கொடுத்துப் பார்த்துவிட்டு, நேர்கோடு போட்டுக் கீழே இறங்கினால், மேல்மாடிக் குடும்பத்துக்கான கணக்கு தப்பாகிவிடும்.

இந்த முறை ஏட்டோடு நின்றுவிடவில்லை. பெயின்ட் உரிக்கப் பயன்பட்ட டைகுளோரோமீத்தேனுக்கு அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு நிர்வாகம் 1997-ல் புது வரம்பு வைத்தபோது இதே வகைக் கணித மாதிரியைத்தான் கையில் எடுத்தது. சராசரித் தொழிலாளியை விட்டுவிட்டு, பரவலின் 95-ஆவது விழுக்காட்டில் நிற்பவரைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டது. 500 பிபிஎம் ஆக இருந்த வரம்பு 25 ஆக இறங்கியது. மாதிரி எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பெர்க் சிதையும் இன்னொரு வழியை 2011-ல் இதே முறையில் ஆராய்ந்தபோது, மனிதருக்கான மதிப்பீடு ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிந்து நின்றது. அங்கே அறியாமை அவ்வளவு பெரியது என்பதாவது வெளிச்சத்துக்கு வந்தது.

மறு பாதியை, அதாவது பொருள் உடம்பை என்ன செய்கிறது என்பதை, மனிதரை அறையில் அடைக்காமலே அளக்க ஒரு முயற்சி நடந்தது. ஐந்து கண்டங்களைச் சேர்ந்த 1,086 பேரின் ரத்த அணுக்களிலிருந்து வளர்த்த செல்களில் 179 வேதிப்பொருள்களைச் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ பாதிப் பொருள்களுக்கு அந்த மூன்றே சொச்சம் போதுமாக இருந்தது. சிலவற்றுக்குப் பத்தும் போதவில்லை.

இனி விட்டுப்போனவர்கள் பேச்சு. அந்த ஆறு பேரில் பெண் இல்லை, கிழவர் இல்லை, நோயாளி இல்லை. கதிரியக்கப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 1975-ல் வரையறுத்த மாதிரி மனிதரும் 70 கிலோ எடையும் 170 செ.மீ. உயரமும் உள்ள வெள்ளைக்கார ஆண்தான். 1998-ல் சர்வதேச அணுசக்தி முகமை, இந்தியா உட்பட ஆசிய நாடுகளின் உறுப்பு எடைகளையும் மற்ற அளவுகளையும் தொகுத்து வெளியிட்டது, நல்ல தொடக்கம். ஆனால் எடையை மட்டும் திருத்தினால் போதாது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004-ல் லான்செட் இதழில் தங்கள் உடம்பையே எடுத்துக்காட்டாக வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடை இருவருக்கும் ஒன்றேதான், பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. இருவரும் ஒரே அறையில் பெர்க் சுவாசித்திருந்தால், புனேக்காரர் உடம்பில் அது தங்கும் இடம் இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் காலணித் தொழிற்சாலைகளில் பசை தடவும் மேசைகளில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலணிப் பசையில் டோலுவீன் போன்ற கரைப்பான்கள் உண்டு, அவையும் கொழுப்பில் கரைபவை. நம் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை டோலுவீனுக்கு 100 பிபிஎம் என்று எழுதிவைத்திருந்தது. அமெரிக்கத் தொழில்சார் சுகாதார வல்லுநர் அமைப்பு தன் பரிந்துரையை 2007-லேயே 20 ஆகக் குறைத்துவிட்டது. நம் வரம்பை நாமே கணக்கிட முடியாதா? முடியும். அந்தப் பெண்களில் விருப்பத்தோடு முன்வரும் ஐம்பது அறுபது பேர், வேலை முடிந்ததும் எடுக்கும் மூச்சு மாதிரி, மறுநாள் காலை இன்னொன்று, வார விடுமுறை கழிந்து இன்னொன்று, ஒவ்வொருவரின் உடல் கொழுப்பு அளவு. இவ்வளவு இருந்தால், ஆறு பேரை வைத்து 1996-ல் போட்ட அதே கணக்கை நம் மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறையும் நம் பல்கலைக்கழகங்களின் புள்ளியியல் துறையும் சேர்ந்து போட்டுவிடலாம். அதற்கான மென்பொருள்களில் நல்லவை பலவும் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன.