பரணில் கிடக்கும் மரப்பாச்சி

(செட்டிகுளம் குழுக் கூட்டத்தில் பேசியது)



பாட்டிக்குச் சீராக வந்த மரப்பாச்சி ஜோடி நம்மில் சிலர் வீட்டுப் பரணில் கிடக்கும். பழைய சாமான்காரர் வந்தால் ஒரு பிளாஸ்டிக் குடத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். அந்த மாதிரிப் பழம்பொருளைத் தேடி காரைக்குடிக் கடைகளுக்கு வெளிநாட்டுக்காரர்களும் வருகிறார்கள்.

கரடி பொம்மை நமக்குத் தெரியும். ஜெர்மனியில் மார்கரெட் ஸ்டைஃப் என்ற பெண். சிறுவயதிலேயே போலியோ வந்து நடக்க முடியாதவர். தையல்தான் தொழில். 1880-ல் துணி யானை தைத்து விற்க ஆரம்பித்தார். 1902-ல் தம்பி மகன் ரிச்சர்டு கரடி பொம்மைக்கு வடிவம் கொடுத்தார். தங்கள் பொம்மை என்று தெரிய, 1904 முதல் காதில் ஒரு பொத்தான் வைத்தார்கள். அந்தக் காலத்துக் கரடி ஒன்று 1994-ல் லண்டன் ஏலத்தில் 1,10,000 பவுண்டுக்குப் போனது! யார் செய்தது, யார் வைத்திருந்தது என்ற விவரம் கூடவே இருந்ததுதான் காரணம்.

நம்ம மரப்பாச்சிக்கு லட்சம் கிடைக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஜோடியைப் பிரிக்க வேண்டாம், பெயிண்ட் அடிக்க வேண்டாம். யாருக்கு வந்த சீர், எந்த வருடம் என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம். விற்பதானாலும் குழுவில் பேசி, நாலு இடத்தில் விலை கேட்டு விற்போம்.