கச்சேரி வாசல்



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வரும்போது ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது: "கிளிநொச்சி எண்டால் சண்டை நடந்த இடம்தானே?" அது அந்தப் பிள்ளையின் அப்பப்பா பிறந்து வளர்ந்த ஊர். நான் "ஓம், சண்டையும் நடந்தது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ஆனால் அந்தப் பதில் எனக்கே போதவில்லை. ஆகவே அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய மிகுதிப் பதிலை இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

பிள்ளைகளே, முதலில் ஒரு சொல். அப்பப்பாவோ அம்மம்மாவோ "கச்சேரிக்குப் போனோம்" என்று சொன்னால், பாட்டுக் கேட்கப் போனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இலங்கையில் கச்சேரி என்றால் மாவட்டத்தின் அரசாங்க அலுவலகம். அங்கே அரசாங்க அதிபர் இருப்பார். காணி, நிவாரணம், ஓய்வூதியம் என்று மக்களுக்கு அரசாங்கத்தோடு உள்ள பெரிய அலுவல்கள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். கிளிநொச்சி அப்படி ஒரு கச்சேரி உள்ள சிறிய நகரம். பெரிய கட்டடங்களுக்காக யாரும் அங்கே போவதில்லை. சுற்றியுள்ள கிராமத்து மக்கள் நெல்லை விற்கவும், ஆஸ்பத்திரிக்குப் போகவும், ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கவும் போகிற ஊர் அது.

ஆனையிறவைத் தாண்டித் தெற்கே போனால் நிலம் தட்டையாக விரிந்து கிடக்கும். வயல், காடு, குளம், மறுபடியும் வயல். அதுதான் வன்னிச் சமவெளி. பரந்தனையும் கரடிப்போக்குச் சந்தியையும் கடந்தால், யாழ்ப்பாணத்திலிருந்து சுமார் 65 கிலோமீற்றர் தூரத்தில், கண்டி வீதியின் இரு பக்கமும் கிளிநொச்சி. இன்னும் தெற்கே போனால் எல்லா வாகனங்களும் நின்று போகிற முறிகண்டி.

இந்த ஊர் எப்படி வந்தது தெரியுமா? யாழ்ப்பாணத்தில் சனம் கூட, காணி போதவில்லை. அண்ணன் தம்பிக்குள் பிரித்துப் பிரித்துக் கடைசியில் ஒரு வேலிக்கும் ஒரு கிணற்றுக்கும் வழக்காடும் அளவுக்கு நிலம் சிறுத்துப்போனது. வேலையில்லாத இளைஞரும் பெருகினார்கள். ஆகவே 1936இல் காணியில்லாதவர்களுக்கான குடியேற்றத் திட்டமாகக் கிளிநொச்சி தொடங்கியது. அதற்கு முன்பே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தின் வேலை ஆரம்பித்திருந்தது. இன்று அந்தக் குளத்தின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல் உண்டு.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி குடியேறியவர்களுக்கு அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தது. "பெர்மிட் காணி" என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். காட்டை வெட்டித் திருத்திப் பயிர் செய்யவேண்டும். நினைத்தபடி விற்கவோ துண்டு போடவோ முடியாது. கனடாவின் மேற்குச் சமவெளிகளிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 10 டொலர் கட்டி 160 ஏக்கர் எடுத்தவர்கள், அதில் குடியிருந்து உழுது காட்டினால்தான் காணி அவர்களுக்குச் சொந்தமாகும்.

அந்த முதல் குடியேற்றக்காரர் பட்ட பாட்டை நாம் மறக்கக்கூடாது. மலேரியாக் காய்ச்சல், யானை, பாம்பு, தண்ணீர் வராத வருடங்கள். நம் சபையில் சிலருடைய பாட்டன்மார் அப்படிப் போனவர்கள். காணியில்லாமல் போனார்கள், ஆண்டவர் அவர்களுக்கு நிலமும் நீரும் கொடுத்தார். காலபோகம், சிறுபோகம் என்று இரு போகமும் விளைந்தது. 1970களில் அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வடக்கின் விவசாயிகளுக்கு நல்ல காலம் வந்தது. அப்போதெல்லாம் பெரிய அலுவல்களுக்கு யாழ்ப்பாணக் கச்சேரிக்குத்தான் போகவேண்டும். 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமானது. கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று நான்கு பிரிவுகளின் மக்களும் தங்கள் சொந்தக் கச்சேரிக்கு வரத் தொடங்கினார்கள்.

இதுவரை நாம் பெருமையோடு சொல்லும் கதை. இனி நாம் அதிகம் சொல்லாத கதை ஒன்று உண்டு. அதையும் சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு நான் பாதிப் பதிலைத்தான் சொன்னவனாவேன்.

1970களில், முக்கியமாக 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பின், மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பல தேயிலைத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்தன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள் அவர்கள். உயிர் தப்பி, "எங்கள் சனம் இருக்கிற இடம்" என்று நம்பி வந்தார்கள். காந்தியம் போன்ற அமைப்புகள் அவர்களைக் குடியமர்த்த உழைத்தன. அன்போடு இடங்கொடுத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் பொதுவாக நடந்தது என்ன? வாய்க்கால் பாயும் வயல் ஏற்கெனவே பங்கிடப்பட்டிருந்தது. வந்தவர்களுக்குக் கிடைத்தது மேட்டுக்காணி, அல்லது ஒரு காணியும் இல்லை. அவர்கள் நம்மவர்களின் வயலில் கூலிக்கு நின்றார்கள்.

பிள்ளைகளே, குளத்துத் தண்ணீர் எப்படி வயலுக்குப் போகிறது? குளம் உயரத்தில் இருக்கும். துருசைத் திறந்தால் தண்ணீர் வாய்க்கால் வழியே தானாகவே பள்ளத்துக்கு ஓடும். மேட்டுக்கு அது ஏறாது. அதனால் நகரத்தை அண்டிய மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற கிராமங்களில், அவ்வளவு பெரிய குளம் உள்ள மாவட்டத்திலேயே, கோடை வந்தால் குடிதண்ணீருக்குக் குடத்தோடு அலையவேண்டியிருந்தது. குடியுரிமையும் பெர்மிட்டும் இல்லாதவர் கச்சேரிக்குப் போனாலும் எந்தப் பத்திரத்தைக் காட்டிக் கேட்பார்? இலங்கையில் இருந்த மலையகத் தமிழரின் நாடற்ற நிலையை நீக்க 2003வரை சட்டங்கள் இயற்றவேண்டியிருந்தது.

இதை யாரையும் குற்றக் கூண்டில் ஏற்றுவதற்காக நான் சொல்லவில்லை. காணியில்லாமல் வந்து காணி பெற்ற சனம் நாம். நமக்குப் பின் காணியில்லாமல் வந்தவரை நாம் எப்படிப் பார்த்தோம் என்பதை ஆண்டவருக்கு முன்பாக யோசிக்கவேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

பிறகு சண்டை வந்தது. 1990இல் ரயில் நின்றது. 1995இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தபோது, அவர்களில் பெருந்தொகையானோர் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்கு வந்தார்கள். கிளிநொச்சி அவர்களுக்கு இடங்கொடுத்தது. அடுத்த வருடமே கிளிநொச்சிச் சனமும் அக்கராயன், ஸ்கந்தபுரம் என்று ஓடியது. 2009 ஜனவரி 2ஆம் திகதி இராணுவம் நகரத்துக்குள் வந்தபோது ஊர் வெறுமையாய்க் கிடந்தது. தண்ணீர்த் தாங்கி விழுந்து கிடந்தது. சனம் தருமபுரம், விசுவமடு என்று கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அதன் முடிவு நமக்குத் தெரியும். நம் சபையில் அந்த நாட்களில் உறவுகளை இழக்காத குடும்பங்கள் குறைவு.

அந்த ஓட்டத்தில் வயல்காரரும் ஓடினார், கூலிக்காரரும் ஓடினார். பதுங்குகுழிக்குள் மேட்டுக்காணி, வயல்காணி என்று வித்தியாசம் இல்லை. செட்டிகுளம் முகாமில் எல்லோரும் ஒரே வரிசையில் தண்ணீருக்கு நின்றார்கள். திரும்பி வந்தபோது பலரிடம் காணிப் பத்திரம் இல்லை. எரிந்தது, நனைந்தது, வழியில் விழுந்தது. அப்போதுதான் நம்மவர்களில் பலருக்கு, பத்திரம் இல்லாமல் கச்சேரி வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. அவர்களுக்குப் பக்கத்தில், அந்த அனுபவத்தை முப்பது வருடமாக அறிந்தவர்கள் நின்றார்கள்.

2013 செப்டெம்பரில் ரயில் மறுபடியும் கிளிநொச்சிக்கு வந்தது. வயல் விளைகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் மேட்டு நிலத்துக் கிராமங்களின் தண்ணீர்க் கேள்வியும் காணிக் கேள்வியும் அந்த ரயிலோடு தீர்ந்துபோகவில்லை.

வேதாகமத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வாசல் காட்சி எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. செலொப்பியாத் என்பவருக்கு ஆண்பிள்ளைகள் இல்லை. ஐந்து பெண்பிள்ளைகள். காணி பங்கிடும்போது அவர்களுக்குப் பங்கு இல்லை. அந்த ஐந்து பேரும் ஆசரிப்புக் கூடார வாசலுக்கு வந்து, மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபை அனைத்துக்கும் முன்பாக நின்று, எங்கள் தகப்பனுடைய பங்கு எங்களுக்கு வேண்டும் என்று கேட்டார்கள். அந்த நாளின் கச்சேரி வாசல் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோசே அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. "சட்டத்தில் இடமில்லை" என்றும் சொல்லவில்லை. அவர்களுடைய நியாயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது சரி என்றார் கர்த்தர். அந்தப் பெண்களின் பெயர்களையும் வேதம் ஒவ்வொன்றாகச் சொல்லுகிறது: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். வாசலில் நின்றவர்களைப் பெயர் சொல்லி நினைவில் வைக்கும் கர்த்தர் நம்முடைய கர்த்தர்.

இப்போது நம் யூனியன்வில்லுக்கு வருவோம். இந்த மண்ணில் முதலில் வாழ்ந்தவர்கள் வென்டாட், மிசிசாகா போன்ற பூர்வகுடி மக்கள். 1794இல் வில்லியம் பெர்சி 64 ஜேர்மன் குடும்பங்களை மார்க்கத்துக்கு அழைத்து வந்தார். அவர்களும் காடு வெட்டினார்கள். காணி உறுதிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்களுக்கு ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்குப் பின் வந்தவர்கள் நாம். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கரைசேர்த்த மீனவர்கள், அவர்களிடம் பத்திரம் கேட்கவில்லை. முதலில் படகில் ஏற்றினார்கள். நம்மில் எத்தனைபேர் ஒரு கடித உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குடிவரவு அலுவலக வாசலில் நின்றிருக்கிறோம்! யாரோ நமக்குக் கதவைத் திறந்தார்கள். அதனால்தான் இன்று ஆண்டு விழா கொண்டாடுகிறோம்.

இன்று நம் வாசலில் நிற்பது யார்? நிலக்கீழ் அறையில் நான்கு பேராகத் தங்கியிருக்கும் மாணவர்கள். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள். நம்மைப்போல் பேசாத தமிழர்: மலையகத்திலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஆராதனையில் அவர்களுக்குக் கை கொடுக்கிறோம், சந்தோஷம். ஆனால் கூட்டங்களில் அவர்களுக்கு இடம் உண்டா? அல்லது விருந்து நாளில் பாத்திரம் தூக்கமட்டும் கூப்பிடுகிறோமா? நம் வாய்க்கால் அவர்கள் பக்கம் பாய்கிறதா? குளத்துத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்ற யாராவது இறைக்கவேண்டும். அன்பும் அப்படித்தான், நாம் பாடுபட்டுத்தான் இறைக்கவேண்டும்.

பெரியவர்களே, இந்த வருடம் நம் சபைக்குப் புதிதாக வந்த ஒரு குடும்பத்தையாவது உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அழையுங்கள். அவர்கள் ஒரு படிவம் நிரப்ப உதவி கேட்டால் "பிறகு பார்ப்போம்" என்று சொல்லாதீர்கள். பிள்ளைகளே, உங்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, அப்பப்பா, அம்மம்மாவிடம் போய், ஊரில் உங்கள் வயலிலோ வீட்டிலோ வேலை செய்த ஒருவருடைய பெயரைக் கேட்டு எழுதி வாருங்கள். பெயர் நினைவில்லை என்றால், ஏன் என்றும் கேளுங்கள். இரண்டாவது, ஞாயிறு பாடசாலைக்குப் புதிய பிள்ளை வந்தால், வாங்கில் சற்றுத் தள்ளியிருந்து இடம் விடுங்கள்.

என்னிடம் கேள்வி கேட்ட பிள்ளைக்கு என் மிகுதிப் பதில் இதுதான். மகன், கிளிநொச்சியில் சண்டை நடந்தது உண்மை. அதற்கு முன்பும் பின்பும் அது காணியில்லாதவர்கள் காணி தேடி வந்த ஊர். சிலருக்குக் கிடைத்தது, சிலர் இன்னும் வாசலில் நிற்கிறார்கள். உன் அப்பப்பா அந்த ஊரைச் சேர்ந்தவர் என்று நீ தலைநிமிர்ந்து சொல்லலாம். சொல்லும்போது, வாசலில் நிற்பவர்களையும் சேர்த்துச் சொல்.

தேவன் நம் திருச்சபையையும், நாம் விட்டுவந்த ஊர்களையும், அங்கே இன்றும் காத்திருக்கிற ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.