பிடியரிசியும் கடல்கடந்த காணிக்கையும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் திருச்சபைக் காணிக்கையைப் பற்றி இவர் ஏன் பேசுகிறார் எனச் சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. ஏலக்காய் எடுப்பு முடிந்ததும் நாம் சேர்க்கும் கல்வி நிதியில் ஒரு பங்கை, மலைச்சரிவில் வாழும் பளியர் குடிப் பிள்ளைகளுக்கு அளிக்கலாம் என்று சென்ற கூட்டத்தில் சொன்னேன். "நமக்கே போதாதபோது பிறருக்கு எங்ஙனம் கொடுப்பது, ஐயா?" என்று ஓர் அன்பர் கேட்டார். அன்று என்னால் விடை கூற இயலவில்லை.

லாட்டி மூன் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1873-இல் சீனாவுக்கு ஊழியம் செய்யச் சென்றார். துணைக்கு ஆளின்றி நெடுங்காலம் தனித்து உழைத்தார். கிறிஸ்துமஸை ஒட்டி ஒரு வாரம் செபித்துக் காணிக்கை சேர்க்கலாமே என்று தம் நாட்டுத் தென்மாநிலப் பாப்திஸ்து பெண்களுக்கு 1887-இல் எழுதினார். மறு ஆண்டு 3,315 டாலர் சேர்ந்தது. மூன்று பெண் ஊழியர்களை அனுப்ப அது போதுமானதாயிற்று. 1912 டிசம்பர் 24 அன்று, தாயகம் திரும்பும் வழியில், ஜப்பானின் கோபே துறைமுகத்தில் கப்பலிலேயே அவர் உயிர் நீத்தார். 1918 முதல் அக்காணிக்கை அவர் பெயராலேயே வழங்கி வருகிறது.

இதில் ஒரு முள்ளும் உண்டு. அதை மறைத்துப் பேச என் மனம் ஒப்பவில்லை. அடிமைகளை உடையவர் மிஷனரி ஆகலாமா என்ற பூசலில், ஆகலாம் என்று வாதிட்டுப் பிரிந்த கட்சியே 1845-இல் அச்சபைக் கூட்டமைப்பாக உருவானது. அதற்காக அது வருந்தி மன்னிப்புக் கோரியது 1995-இல்தான். கடலுக்கு அப்பாலுள்ளவருக்கு இரங்கிய நெஞ்சம், தன் தோட்டத்தில் உழைத்த கறுப்பின மக்களுக்கு இரங்க எத்தனை தலைமுறை ஆயிற்று!

நம் நாட்டில் மட்டும் என்ன? என் இளமையில் ஓர் அறுப்பின் பண்டிகைக்குச் சென்றிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பூசணி, வாழைத்தார், கம்புக் கதிர், கோழி எனக் காணிக்கைகள் குவிந்திருந்தன. பின்னர் ஏலம் விடப்பட்டன. (நம் போடிப் பக்கத்தில் ஏலம் என்றால் காய்தான் முதலில் நினைவுக்கு வரும்!) எங்கள் தெரு மூதாட்டி ஒருவர் கொண்டுவந்த சேவலை மேலைத்தெருவார் ஒருவரும் கேட்கவில்லை. இறுதியில் அவருடைய மகனே கூலிக் காசைக் கொடுத்து அதை எடுத்தார். அன்று திரண்ட தொகை வெளியூர் ஊழியத்துக்கு அனுப்பப்பட்டது.

ஆயினும் அம்மூதாட்டி மறு ஆண்டும் சேவல் கொண்டுவந்தார். ஏன் என்று கேட்டேன். "அவுக ஏலம் கேக்குறதுக்கா நான் கொண்டாரேன்?" என்றார்.

1902-இல் யாழ்ப்பாணம் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்தில் பிற இடத்துக்கு ஊழியரை அனுப்பியதைக் கண்டார். வெள்ளைக்காரர் கொடுக்க நாம் வாங்குவது என்றே இருந்த திருநெல்வேலியில், 1903 பிப்ரவரி 12 அன்று இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. தமிழர் காசில் தமிழ் ஊழியர் நிஜாம் சீமையின் தோர்ணக்கல் பகுதிக்குச் சென்று தெலுங்கு கற்றனர். அங்கே அவர்கள் சொல்லைப் பெரிதும் ஏற்றவர்கள் மாலரும் மாதிகரும். நம்மைப் போலவே ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அசரியா 1912-இல் அப்பகுதியின் பேராயரானார். ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே.

மிசோ மலைகளில் 1910 முதல் பெண்கள் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைக்கும் வழக்கம் தொடங்கியது. அந்தப் பிடியரிசி விற்ற பணத்தில் இன்றும் ஊழியர்கள் வெளியே செல்கின்றனர். வயிறு நிறைந்த பின் எடுத்த அரிசியன்று அது, உலையேறுமுன் எடுத்தது.

அன்பரின் வினா தவறானதன்று. நம் பிள்ளைகளில் இன்னும் சிலர் பள்ளியை விட்டு ஜீப்பில் மலையேறி எடுப்புக்குச் செல்கின்றனர். வருகைப் பதிவேட்டைப் பார்க்கும் எனக்கு அது தெரியும். அதனால்தான் பாதி கேட்கவில்லை, பத்தில் ஒரு பங்கு கேட்கிறேன். வாங்க வரும் பளியர் பிள்ளையை வாசலில் நிறுத்தாமல், நம் பிள்ளைகளோடு ஒரே பாயில் அமர்த்திப் புத்தகம் கொடுக்க வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் சேர்த்திருக்கிறேன். செயலாளர் அவர்கள் அதை இப்போது வாசிப்பார்கள்.