ஆபரேஷனுக்குப் பிறகு மாட்டைப் பார்ப்பது யார்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற பெண் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மாடு வளர்ப்பு பத்திப் பேசுங்கம்மா" என்று கூப்பிட்டார்கள். தீவனம், தடுப்பூசி பற்றி வருஷா வருஷம் கேட்டிருப்பீர்கள். நான் வேறொன்று சொல்கிறேன். மாட்டுக்கு ஆபரேஷன் நடக்கிறது. டாக்டர் தையல் போட்டு, கையைக் கழுவி, வண்டி ஏறிப் போய்விடுகிறார். அதற்கப்புறம் பத்துப் பதினாலு நாள் அந்த மாட்டைப் பார்ப்பது யார்? நீங்கள்தான். அதை யாராவது உங்களுக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்களா?

மனுஷருக்கு ஆபரேஷன் என்றால் ராத்திரி பகலா நர்ஸ் இருக்கிறார். இங்கிலாந்தில் மாட்டுக்கும் நாய்க்கும்கூட நர்ஸ் உண்டு. 1961-லேயே அங்கே கால்நடை மருத்துவர்களின் ராயல் கல்லூரி அதற்கென்று பயிற்சித் திட்டம் தொடங்கிவிட்டது. இன்று அங்கே பதிவு பெற்ற கால்நடை செவிலியர், மருத்துவர் சொல்படி, வயிற்றையோ நெஞ்சையோ திறக்காத சின்ன அறுவையைக்கூடச் செய்யச் சட்டம் இடம் தருகிறது. நம் நாட்டில் அந்தப் பெயரில் தனிப் பதிவு இல்லை. ஆஸ்பத்திரியில் கால்நடை ஆய்வாளர் இருக்கிறார், பராமரிப்பு உதவியாளர் இருக்கிறார். 1962-க்குப் போன் போட்டால் வருகிற வண்டியில் டாக்டரோடு ஓர் உதவியாளர் வருவார். வண்டி திரும்பிவிட்டால் உங்கள் கொட்டகைதான் வார்டு.

ஆரணிக்காரர்களுக்கு இந்த வேலை தூரம் இல்லை. தையல் போடுகிற நூலில் ஒரு வகை பட்டு, தெரியுமா? கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து, பசை எடுத்துத்தானே இங்கே சாயம் போடுகிறோம்? ஆபரேஷன் பட்டுக்கும் அந்தப் பசையை எடுத்தாக வேண்டும். பிறகு பல இழைகளைப் பின்னி, மெழுகோ சிலிக்கோனோ பூசி, கிருமி நீக்கி உறையில் அடைக்கிறார்கள். முடிச்சு நழுவாது என்பது அதன் நல்ல குணம். பின்னல் நூல் ஈரத்தை இழுக்கும், ஈரத்தோடு கிருமியும் உள்ளே போகும் என்பது கெட்ட குணம். அதனால் தோலுக்கு நைலான் போடுகிற டாக்டர்களும் உண்டு. எதுவானாலும் தையல் போட்ட இடம் நனையக் கூடாது என்று நாங்கள் கத்துவது இதற்காகத்தான். பாவு பிணைக்கிற பெண்ணுக்கு ஓர் இழை விட்டுப்போனால் கண்ணில் பட்டுவிடும். எனக்கு வேண்டியது அந்தக் கண்தான்.

வேலை முதல் நாளே தொடங்குகிறது. நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன் என்றால், பெரிய மாட்டுக்கு ஒரு நாளாவது தீவனம் நிறுத்தச் சொல்வோம். உடனே பாட்டிமார் சண்டைக்கு வருவார்கள், "வாயில்லா ஜீவனைப் பட்டினி போடறதா?" என்று. மாட்டின் பெருவயிறு ஒரு பெரிய பானை. மயக்கத்தில் படுத்தால் காற்று ஏப்பமாக வெளியே வராது, வயிறு உப்பும். உள்ளே இருக்கிற தீவனம் எதுக்களித்துத் தொண்டைக்கு வந்து நுரையீரலுக்குள் போனால் மாடு பிழைப்பது கஷ்டம். பரிதாபப்பட்டு ராத்திரி ஒரு கை வைக்கோல் போட்டவர்கள், காலையில் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டு விழும், விழட்டும்.

அடுத்தது எடை. மயக்க மருந்தும் மரப்பு ஊசியும் எடைக்கு ஏற்பத்தான். மாட்டை மயக்க உதவும் சைலசின் என்ற மருந்து குதிரைக்குப் போடுவதில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும், அவ்வளவு சீக்கிரம் ஏறும். ஆட்டுக்கு மரப்பு ஊசியே கொஞ்சம் கூடினால் வலிப்பு வரும். தராசு இல்லையே என்றால் தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு வரை நீளம் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வரும். சுற்றளவு 60, நீளம் 50 என்றால் 273 கிலோ. டாக்டர் வந்து இறங்கும்போது இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், அவர் உங்களைப் பார்க்கிற பார்வையே மாறும்.

ஆபரேஷன் நடக்கும்போது உதவிக்கு நிற்பவர் நகம் வெட்டி, வளையல் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டு ஐந்து நிமிஷம் தேய்க்க வேண்டும். கழுவின கை பிறகு எதையும் தொடக் கூடாது, முந்தானையையும்தான். எத்தனை பஞ்சு, எத்தனை துணி உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று எண்ணுவதும் உதவியாளர் வேலை. வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் கணக்கு சரியாக வரணும். குழுக் கணக்கில் ஐந்து ரூபாய் இடித்தாலே விடிய விடிய உட்காருகிறவர்கள் நாம், இது நமக்குப் புதுசா?

இனிதான் நம் முக்கியமான வேலை. நான் பார்த்த ஒரு மாடு. குழுக் கடனில் வாங்கிய கலப்பினப் பசு, கன்று பெரிசு, வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தாயும் கன்றும் பிழைத்தன. ஆறாம் நாள் போய்ப் பார்த்தால் தையலில் பாதி பிரிந்து, உள்ளே புழு. அந்த வீட்டு அம்மா அக்கறை இல்லாதவர் இல்லை. தினமும் சாணியும் மஞ்சளும் குழைத்துத் தடவியிருக்கிறார். புண்ணில் சாணி படுவது போல ஆபத்து வேறில்லை. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துத் தடவுவது மடிவீக்கத்துக்குச் சொல்லப்படும் நல்ல மருந்து, நானே சொல்லியிருக்கிறேன். அது மடியின் மேல் தோலுக்கு. தைத்த புண்ணுக்கு இல்லை. அந்தப் பசு பிழைத்தது, ஆனால் அந்த ஈத்துப் பால் போச்சு, கடன் தவணை மட்டும் நிற்கவில்லை.

காலையும் மாலையும் பார்க்க வேண்டியவை இவைதான். காய்ச்சல்: மாட்டுக்கு 101.5 டிகிரி சாதாரணம், 103 தாண்டினால் போன் போடுங்கள். அசை: இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வையுங்கள், இரண்டு நிமிஷத்தில் இரண்டு மூன்று தடவை வயிறு எழும்பித் தள்ள வேண்டும். சாணி போட்டதா, தண்ணி குடித்ததா. தையல் ஓரம் லேசாக வீங்கலாம், ஆனால் சுடக் கூடாது, நாறக் கூடாது, சீழ் வரக் கூடாது. எழுந்திருக்காத மாட்டை நெஞ்சு தரையில் படுமாறு உட்காரவைத்து, கீழே வைக்கோல் மெத்தை போட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். ஒரே பக்கம் கிடந்தால் கால் நரம்பு செத்துப்போகும். இதையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினால், டாக்டர் திரும்ப வரும்போது வாய்வார்த்தையைவிட அது பத்து மடங்கு உதவும்.

பால் விஷயம் கசப்பானது. ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது. எத்தனை நாள் என்று மருந்து உறையில் போட்டிருக்கும். போடாவிட்டால் பாலுக்குக் குறைந்தது 7 நாள் என்று 2012-இல் மருந்து விதியிலேயே சேர்த்துவிட்டார்கள். வாங்கிக் குடிப்பது அடுத்த தெருக் குழந்தை. வலிக்கான ஊசியிலும் ஒரு எச்சரிக்கை. டைக்ளோபினாக் 2006-லிருந்து மாட்டுக்குத் தடை, அது போட்ட மாடு செத்தால், தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மெலாக்சிகாம் போடுங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேட்கலாம், ஆனால் நீங்களே போட முடியாது. 1984-ஆம் வருஷத்து இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 30-ஆம் பிரிவு. வைத்தியமும் அறுவையும் பதிவு பெற்ற மருத்துவர் வேலை. சின்னச் சின்ன சேவைகளைக்கூட அரசு அனுமதித்த சான்றிதழோ டிப்ளமாவோ உள்ளவர், மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்யலாம். நாலு நாள் பயிற்சிக்குப் போய்வந்து கத்தி எடுக்கிறவர்களை நான் ஆதரிக்க மாட்டேன்.

அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறைய வேலை கிடக்கிறது. மகளிர் குழுக்களில் பசு சகிகள் இருக்கிறார்கள். 2021-இல் ஒன்றிய கால்நடைத் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் ஒப்பந்தம் போட்டு, அவர்களையே மேலும் பயிற்றுவிக்கும் 'ஏ-ஹெல்ப்' திட்டம் வந்தது. முதலுதவி, காதுவில்லை, தடுப்பூசிக்குத் துணை என்று போகிறது பயிற்சி. அதோடு ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் பராமரிப்பையும் சேர்த்து, ஆஸ்பத்திரி ஆபரேஷன் மேஜை பக்கத்திலேயே நின்று பழகுகிற மாதிரி நடத்துங்கள் என்று கால்நடைத் துறையிடமும் பல்கலைக்கழகத்திடமும் கூட்டமைப்பு எழுதிக் கேட்கலாம். தனி ஆள் கேட்டால் மனு, நீங்கள் கேட்டால் தீர்மானம்.

இன்னொன்றையும் அந்தத் தீர்மானத்தில் எழுதுங்கள்: கூலி. அடுத்த வீட்டு மாட்டைப் பத்து நாள் இரண்டு வேளை போய்ப் பார்க்கிற பெண்ணுக்கு எவ்வளவு என்று கூட்டமைப்பே நிர்ணயிக்கட்டும். "நம்ம ஊர்ப் பொண்ணுதானே" என்று காபியோடு அனுப்பினால் மூன்றாம் மாசம் யாரும் வரமாட்டார்கள்.

ஊருக்கு இரண்டு பேர் போதும். எழுதப் படிக்கத் தெரிந்து, ராத்திரி கூப்பிட்டாலும் வருகிறவராக இருக்கணும். பெயர் கொடுக்க நினைப்பவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் செயலாளர் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். தெர்மாமீட்டர் பார்க்கவும் டேப் பிடித்து எடை போடவும் மதியம் நானே சொல்லித் தருகிறேன், பின்பக்கம் ஒரு மாடு கட்டச் சொல்லியிருக்கிறேன்.